3,35,50,336: ஒரு பெரிய எண்ணைப் பிரித்து அறிவது எப்படி?

ஏதாவது ஒரு பெரிய எண்ணை இணையத்தில் தேடினால், அதன் பண்புகள் என்று நீளமான பட்டியல் ஒன்று வந்து விழும். இரட்டை எண், பகு எண், முக்கோண எண், அறுகோண எண், மகிழ்ச்சியற்ற எண், இன்னும் என்னென்னவோ. முழுதும் படித்த பிறகும் அந்த எண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்த மாதிரி இருக்காது. ஒரு பெயர் இந்த எண்ணுக்கு ஏன் பொருந்துகிறது, எது எதிலிருந்து வருகிறது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு எண்ணை எடுத்து நாமே பிரித்துப் பார்ப்போம். நான் எடுத்திருப்பது 3,35,50,336. மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. இதற்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு, போகப் போகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த வகுத்தலும் பெருக்கலும் போதும். கடையில் கிடைக்கும் சாதாரண எட்டு இலக்கக் கால்குலேட்டர் ஒன்று இருந்தால் நல்லது. இந்த எண் அதன் திரையில் கச்சிதமாக அடங்கும்.

முதலில் இரண்டால் வகுங்கள்

எந்தப் பெரிய எண்ணாக இருந்தாலும் முதல் வேலை அதைப் பகாக் காரணிகளாக உடைப்பதுதான். மற்ற வேலைகளில் பெரும்பாலானவை இதற்குப் பிறகு தானாக நடக்கும். நம் எண் 6இல் முடிகிறது, ஆகவே இரட்டை எண். பாதியாக்குங்கள். விடையும் இரட்டை எண்ணாக இருந்தால் மறுபடி பாதி. ஒற்றை எண் வரும்வரை நிறுத்த வேண்டாம்:

3,35,50,336 → 1,67,75,168 → 83,87,584 → 41,93,792 → 20,96,896 → 10,48,448 → 5,24,224 → 2,62,112 → 1,31,056 → 65,528 → 32,764 → 16,382 → 8,191

அம்புக்குறிகளை எண்ணுங்கள், பன்னிரண்டு. ஆக, நம் எண் 2¹² × 8191, அதாவது 4096 × 8191. இவ்வளவு தூரம் பாதியாகிக்கொண்டே போகும் எண் அபூர்வம். ஏதோ ஒரு எண்ணை எடுத்தால் ஒன்றிரண்டு முறைக்குள் ஒற்றை எண்ணில் வந்து நின்றுவிடும். இங்கேயே கொஞ்சம் சந்தேகம் வர வேண்டும்: இந்த எண் யாரோ கட்டி வைத்தது போல இருக்கிறதே!

இன்னொன்றையும் கவனியுங்கள். 4096 என்பது 2¹². 8191க்கு அடுத்த எண் 8192, அது 2¹³. அதாவது 8191 என்பது இரண்டின் அடுக்கு ஒன்றைவிட ஒன்று குறைவு. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதுதான் கைகொடுக்கப் போகிறது.

8191ஐ இன்னும் உடைக்க முடியுமா?

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஏனென்றால் இரண்டு காரணிகளாக உடையும் எண்ணில், சின்னக் காரணி வர்க்கமூலத்தைத் தாண்டாது. 90 × 90 = 8100, 91 × 91 = 8281. ஆக, 90 வரை பார்த்தால் போதும். 90க்குள் இருக்கும் பகா எண்கள் 2 முதல் 89 வரை மொத்தம் 24.

எடுத்த எடுப்பில் சிலவற்றைக் கழித்துவிடலாம். எண் 1இல் முடிவதால் 2, 5 இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 8+1+9+1 = 19, ஆகவே 3ஆலும் வகுபடாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. அதனால் எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் போதும். 8191இல் வலது பக்கம் 191, இடது பக்கம் 8. 191 − 8 = 183. இந்த 183ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் மீதி 7, 13ஆல் வகுத்தால் மீதி 1. மூன்றும் அவுட்.

மீதம் 17 முதல் 89 வரை 18 எண்கள். உட்கார்ந்து வகுத்தால் பத்து நிமிட வேலை. ஆனால் 8191 என்பது 2¹³ − 1 என்று தெரிந்திருப்பதால் இன்னும் சுருக்கமான வழி ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பெர்மா கண்டது அது. p என்பது இரண்டைவிடப் பெரிய பகா எண்ணாக இருந்தால், 2இன் p ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து வரும் எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 2pஇன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். இங்கே p = 13, 2p = 26. ஆகவே 8191க்குக் காரணி இருந்தால் அது 27, 53, 79 என்ற வரிசையில்தான் வர வேண்டும், அதற்கு மேல் 90ஐத் தாண்டிவிடும். 27 பகா எண் இல்லை. மிச்சம் இரண்டே எண்கள்:

53 × 154 = 8162, மீதி 29.
79 × 103 = 8137, மீதி 54.

அவ்வளவுதான். 8191 பகா எண். இருபத்து நாலு வகுத்தல்கள் இரண்டாகச் சுருங்கிவிட்டன. எண்ணின் அமைப்பைக் கவனிக்காமல் நேரடியாக வகுக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையை ஓட்டும் முன் எண்ணை ஒரு நிமிடம் பாருங்கள்.

இப்படி இரண்டின் அடுக்கைவிட ஒன்று குறைவாக இருக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென் 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த துறவி. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2¹¹ − 1 = 2047. அதே முறையில் பார்த்தால் 22இன் மடங்கோடு ஒன்று கூட்ட வேண்டும், முதல் எண்ணே 23. 23 × 89 = 2047. உடைந்துவிட்டது.

காரணிகளை எழுதிக் கூட்டுங்கள்

2¹² × 8191 என்று தெரிந்த பிறகு எல்லாக் காரணிகளையும் விடாமல் எழுதிவிடலாம். அடுக்கோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் எண்ணிக்கை வந்துவிடும்: (12+1) × (1+1) = 26. அவை இரண்டு வரிசைகள்:

1, 2, 4, 8, … 4096 வரை 13 எண்கள்.
8191, 16382, 32764, … 3,35,50,336 வரை 13 எண்கள்.

இப்போது எண்ணைத் தவிர்த்து மற்ற 25 காரணிகளையும் கூட்டுங்கள். முதல் வரிசை எளிது. 1லிருந்து இரட்டித்துக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எப்போதும் அடுத்த அடுக்கைவிட ஒன்று குறைவு. 1+2+4+…+4096 = 8191. அட, அதே 8191! இரண்டாம் வரிசையில் கடைசியை விட்டால் 8191 × (1+2+…+2048) = 8191 × 4095 = 3,35,42,145. இரண்டையும் கூட்டினால் 8,191 + 3,35,42,145 = 3,35,50,336.

தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தானே ஆகும் எண் இது. இப்படிப்பட்டதைச் செவ்விய எண் என்றும் நிறைவெண் என்றும் சொல்வார்கள். கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைந்தால் குறைவெண், கூடினால் மிகையெண். எந்த எண்ணும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கும். இதை ஒவ்வொரு எண்ணுக்கும் செய்து பார்ப்பது நல்ல பழக்கம். மேலே உடைந்துபோன 2047ஐ 2¹⁰ஆல் பெருக்கினால் 20,96,128 வரும். பார்வைக்கு அதே அச்சு. ஆனால் காரணிகளைக் கூட்டினால் 23,25,392, ஆக அது மிகையெண். 8191 பகா எண்ணா என்று அவ்வளவு கவனமாகச் சோதித்தது இதற்காகத்தான். அந்த ஒன்று தவறினால் எல்லாம் போச்சு.

நிறைவெண்கள் வரிசையில் நம் எண் ஐந்தாவது. 6, 28, 496, 8128, அப்புறம் இது. கி.பி. 100 வாக்கில் எழுதிய கிரேக்க அறிஞர் நிக்கோமாக்கஸுக்கு முதல் நான்குதான் தெரியும். ஓரிலக்கத்தில் ஒன்று, ஈரிலக்கத்தில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஆகவே ஐந்தாவது ஐந்து இலக்கத்தில்தான் இருக்கும் என்று அவர் கருதினார். கடைசி இலக்கம் 6, 8, 6, 8 என்று மாறி மாறி வருவதும் அவர் கண்ணில் பட்டது. ஐந்தாவது எண் எட்டு இலக்கத்தில் வந்து முதல் ஊகத்தைக் கவிழ்த்தது. ஆறாவது எண்ணான 8,58,98,69,056 மறுபடியும் 6இலேயே முடிந்து இரண்டாவதையும் கவிழ்த்தது. நான்கு எடுத்துக்காட்டுகளை வைத்து விதி எழுதினால் இதுதான் கதி.

நமக்குக் கிடைத்த அமைப்பு தற்செயல் இல்லை. 2இன் அடுக்குகளைக் கூட்டி வரும் எண் பகா எண்ணானால், அதைக் கூட்டியதில் கடைசி அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் வரும் என்று யூக்ளிட் தம் 'எலிமென்ட்ஸ்' தொகுப்பில் ஒன்பதாம் நூலின் 36ஆம் தேற்றமாக நிறுவியிருக்கிறார். இரட்டை நிறைவெண்கள் எல்லாமே இந்த அச்சில்தான் வரும் என்பதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் நிறுவினார். ஒற்றை நிறைவெண் ஒன்று உண்டா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. இருந்தால் அது 10இன் 1500ஆம் அடுக்கைவிடப் பெரியது என்பது வரை 2012இல் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு சிறப்புள்ள எண்ணுக்கு 26 காரணிகள்தானா என்று தோன்றலாம். ஆமாம், ரொம்பக் குறைவுதான். பக்கத்திலேயே இருக்கும் 3,24,32,400ஐப் பாருங்கள்: 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13. அதே கணக்கில் 5 × 5 × 3 × 2 × 2 × 2 = 600 காரணிகள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இந்த வகை எண்களைத்தான் இராமானுஜன் தம் 1915ஆம் ஆண்டு நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அந்த ஆய்வுக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. காரணிகள் எத்தனை என்பது ஒரு கேள்வி, அவற்றின் கூட்டுத்தொகை என்ன என்பது வேறு கேள்வி. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

காரணிகள் கையில் இருக்கும்போதே இன்னொரு சோதனை. 1948இல் ஏ. கே. சீனிவாசன் என்பவர் ஒரு வகை எண்ணை அறிமுகப்படுத்தினார்: அந்த எண் வரையுள்ள எந்த எண்ணையும் அதன் வெவ்வேறு காரணிகளைக் கூட்டியே பெற முடிய வேண்டும். தராசுக் கடையில் சில படிக்கற்களை வைத்தே எந்த எடையும் நிறுப்பது போலத்தான். நம் எண் தேறுமா? 10,000ஐ எடுப்போம். 8191 போனால் மீதி 1809. அது 1024 + 512 + 256 + 16 + 1. எல்லாமே காரணிகள். எந்த எண்ணைக் கொடுத்தாலும் 8191இன் மடங்குகளை இரண்டாம் வரிசையிலும், மீதியை முதல் வரிசையிலும் எடுத்துக்கொள்ளலாம். தேறிவிட்டது.

வடிவ எண்களுக்கான சோதனை

1+2+3+… என்று கூட்டி வருபவை முக்கோண எண்கள். ஓர் எண் முக்கோண எண்ணா என்று பார்க்க ஒரே சோதனை: 8ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள், விடை முழு வர்க்கமானால் அது முக்கோண எண். 8 × 3,35,50,336 + 1 = 26,84,02,689. இது 16383இன் வர்க்கம். (இங்கே எட்டு இலக்கக் கால்குலேட்டர் கைவிட்டுவிடும், போனை எடுத்துக்கொள்ளுங்கள்.) 16383இலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 8191. அதாவது 1 முதல் 8191 வரை எல்லா எண்களையும் கூட்டினால் நம் எண்.

அதே 16383உடன் ஒன்றைக் கூட்டி 4ஆல் வகுத்தால் 4096, மீதியில்லாமல் வருகிறது. மீதியில்லாவிட்டால் அது அறுகோண எண்ணும்கூட, அதாவது 1+5+9+… என்று நான்கு நான்காகக் கூட்டி வருவது. ஆகவே 4096ஆவது அறுகோண எண்.

அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக வேறு எப்படியாவது எழுதலாமா? முடியாது. அப்படி எழுதும் வழிகள் ஒன்றைத் தவிர்த்த ஒற்றைக் காரணிகளின் எண்ணிக்கைக்குச் சமம். நம் எண்ணுக்கு அப்படி இருப்பது 8191 ஒன்றே ஒன்று.

கனங்களில் ஓர் அழகான முடிச்சு இருக்கிறது. 1³ + 3³ + 5³ + … என்று முதல் 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினால், அதாவது 127³ வரை போனால், சரியாக 3,35,50,336 வரும். முதல் m ஒற்றை எண்களின் கனங்களுக்கு m² × (2m² − 1) என்று வாய்பாடு உண்டு. m = 64 என்று போட்டால் 4096 × 8191. மறுபடி அதே இரண்டு எண்கள்தான்.

எத்தனை வர்க்கங்கள் தேவை?

இந்தப் பகுதியைப் பலர் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் பிடித்தது.

நம் எண் முழு வர்க்கம் இல்லை. 8191 ஒரே ஒருமுறைதான் காரணியாக வருகிறது, அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? 4ஆல் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண் எதுவும் ஒற்றை அடுக்கில் காரணியாக இருக்கக் கூடாது என்பது விதி. 8191ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. முடியாது.

மூன்று வர்க்கங்கள்? இதற்கு விதி சொன்னவர் லெஜாந்தர். எண்ணை 4ஆல் வகுபடும்வரை வகுத்துக்கொண்டே போங்கள். கடைசியில் நிற்பதை 8ஆல் வகுத்தால் 7 மீதி வந்தால், மூன்று வர்க்கங்கள் போதாது. மற்றபடி எல்லா எண்ணுக்கும் போதும். நம் எண்ணை ஆறு முறை 4ஆல் வகுத்தால் 8191 நிற்கும். 8191 = 8 × 1023 + 7. சரியாக அந்தக் கண்ணியிலேயே விழுகிறது.

நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று லாக்ராஞ்சு 1770இல் நிறுவிவிட்டார். ஆக, நமக்குத் தேவை சரியாக நான்கு. கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. பெரிய எண்ணோடு மல்லுக்கட்டாமல் 8191க்குப் பாருங்கள். 90² = 8100, மீதி 91. அது 81 + 9 + 1. ஆகவே 8191 = 90² + 9² + 3² + 1². 4096 என்பது 64² என்பதால், நான்கையும் 64ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது:

5760² + 576² + 192² + 64² = 3,35,50,336

இலக்கங்களை வைத்து வரும் பெயர்கள்

இதுவரை பார்த்தவை எண்ணின் சொந்தப் பண்புகள். எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாதவை. இனி வருபவை பத்தடிமானத்தில் எழுதுவதால் மட்டும் வருபவை. சீக்கிரம் முடித்துவிடலாம்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 3+3+5+5+0+3+3+6 = 28. 28ஏ ஒரு நிறைவெண் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 496க்கும் 8128க்கும் கூட்டினால் 19தான் வருகிறது. இது வெறும் தற்செயல். 28ஐ மறுபடி கூட்டினால் 10, அப்புறம் 1. இது மட்டும் தற்செயல் இல்லை. 6ஐத் தவிர எல்லா இரட்டை நிறைவெண்களும் இப்படி 1இல்தான் முடியும்.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு, தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தார். 28ஆல் வகுபட 7 காரணியாக இருக்க வேண்டும். நம்மிடம் 2, 8191 தவிர வேறு பகாக் காரணி இல்லை. எனவே இது ஹர்ஷத் எண் அல்ல.

இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1இல் முடிபவை மகிழ்ச்சி எண்கள். நம் எண்: 122, 9, 81, 65, 61, 37, 58, 89, 145, 42, 20, 4, 16, மறுபடி 37. சுற்றில் மாட்டிக்கொண்டது, ஆகவே மகிழ்ச்சியற்றது. இந்தப் பெயரால் எண்ணைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை.

இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதுவது வேறு கதை. 3,35,50,336 = 2²⁵ − 2¹². அங்கே அது 13 ஒன்றுகளும் பின்னால் 12 பூஜ்யங்களுமாக நிற்கும்: 1111111111111000000000000. இந்த எண்ணை இப்படி எழுதினால்தான் அதன் உண்மையான முகம் தெரியும்.

சரிபார்க்க

கையால் செய்ததைக் கணினியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஃபேக்டர் என்ற கட்டளையே காரணிகளைக் கொடுத்துவிடும். பைத்தானில் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் நம்பிப் போடலாம். எக்செல் அப்படியில்லை, 15 இலக்கங்களுக்கு மேல் போனால் மீதியைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். முழு எண் வரிசைகளுக்கான இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, நீல் ஸ்லோன் 1964இல் தொடங்கிய தொகுப்பிலிருந்து வளர்ந்தது. அதில் நிறைவெண்கள் ஏ000396 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனால் அதை முதலில் திறக்காதீர்கள். நீங்களாகவே பிரித்த பிறகு திறந்தால், அங்கே இருக்கும் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்.

அடுத்து நீங்களே செய்து பார்க்க, ஆறாவது நிறைவெண் 8,58,98,69,056ஐ எடுங்கள். பதினாறு முறை பாதியாக்கினால் 1,31,071 வந்து நிற்கும். இதை 1588இல் இத்தாலியின் கத்தால்தி கண்டுபிடித்தார். 1,31,071இன் வர்க்கமூலம் 362ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. அது 2¹⁷ − 1 என்பதால் 34இன் மடங்கோடு ஒன்று கூட்டி வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை நான்கே நான்கு: 103, 137, 239, 307.